நேராக நில்லாத எண்கள்

அத்தியாயம் 14

மூன்றாவது தடவையும் திருப்பிவிட்டார்கள்.

ஐசுலூ தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்பேசியை இடுக்கிக்கொண்டு, கொதிக்கும் எண்ணெயிலிருந்து போர்சோக்கை அரித்து எடுத்தாள். சின்னச் சின்ன மாவுத்துண்டுகள் உப்பிப் பொன்னிறமாக மேலே வந்துகொண்டிருந்தன. பல்கலைக்கழக எழுத்தர் பெண் அய்பேரியின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"அக்கா, உங்க ஆய்வேட்டை கிளாரா அக்கா மறுபடியும் திருப்பிட்டாங்க. சிவப்புப் பேனால எழுதியும் வச்சிருக்காங்க."

"என்ன எழுதியிருக்காங்க?"

"பொருளடக்கத்துல பக்க எண்கள் ஒரே நேர்கோட்டுல இல்லையாம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லைக்கா. அவ்வளவுதான்."

ஐசுலூ அடுப்பை அணைத்தாள். கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டித் தரை வீணாவதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

இந்த வாரம்தான் இவளைச் சந்திக்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஐசுலூ கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். நாரின் மலைப்பகுதியில் மேய்ச்சல் நாய்களின் குடலில் இருக்கும் ஒரு சிறு புழு, மனிதர்களுடைய ஈரலுக்குள் போய் எப்படிக் கட்டியாக வளர்கிறது என்பதுதான் அவள் ஆய்வு. குளிர்காலம் தவறாமல் ஊர் ஊராகப் போய் நாய் எச்சத்தைச் சேகரித்து வந்தவள். ஊரார் சிரித்தார்கள். கணவன் தாலாய் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். அவன்கூட ஆரம்பத்தில் சிரித்தவன்தான்.

அந்த ஆய்வேட்டை ஏற்க வேண்டிய குழுவின் பதவிக்காலம் இன்றோடு முடிகிறது. மாலை நான்கு மணிக்குள் சேர்க்காவிட்டால், புதுக் குழு அமையும்வரை காத்திருக்க வேண்டும். அது எப்போது அமையும் என்று யாருக்கும் தெரியாது. பட்டம் இல்லாதவள் எழுதிக் கொடுக்கும் நாய் மருந்துத் திட்டத்தை மாகாண அலுவலகத்தில் ஒருவரும் பிரித்துப் படிக்கப்போவதில்லை.

இன்றைக்கேதான் வீட்டில் சம்பந்தி விருந்து. தாலாயின் தம்பி எல்தோஸுக்குப் பெரிஸாத் என்ற பெண்ணை நிச்சயம் செய்திருக்கிறார்கள். பெண் வீட்டார் முதல்முறையாக வருகிறார்கள். மூத்த மருமகள்தான் டீ ஊற்ற வேண்டும். வேறு யாரும் ஊற்றினால் அதற்கு ஒரு பேச்சு வரும்.

"போனை வச்சுட்டு மாவைப் பாரு" என்றபடி மாமியார் பெர்மெத் உள்ளே வந்தாள். ஓய்வு பெற்ற மருத்துவச்சி. சமையலறையிலும் பிரசவ அறையில் நிற்பதுபோலத்தான் நிற்பாள்.

"அத்தை, மறுபடியும் திருப்பிட்டாங்க. நாலு மணிக்குள்ள கொடுக்கணும். நான் இப்பவே போய்..."

"இப்ப போறதுன்னா எப்படி? அவங்க வந்து உக்காரும்போது மருமக எங்கேன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது, எண்ணை நேராக்கப் போயிருக்கான்னா?"

"நாலு வருஷ வேலை அத்தை."

"வேலை வேணாம்னு சொன்னேனா? அவங்க ரெண்டு கிண்ணம் டீ குடிக்கட்டும். அப்புறம் போ."

ஐசுலூ பாத்திரங்களை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். பதில் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

முதல் தடவை புள்ளிகளின் அளவு ஒன்றுபோல் இல்லை என்று திருப்பினார்கள். சரி செய்தாள். இரண்டாம் தடவை, நீளமான தலைப்புகள் பக்க எண்ணுக்குக் கீழே போய் முட்டுகின்றன என்றார்கள். அன்று அவளுக்குக் காய்ச்சல். 'நீ படு, நான் பாத்துக்கறேன்' என்று தாலாய்தான் கணினி முன்னால் உட்கார்ந்தான். காலையில் பார்த்தபோது எண்கள் எல்லாம் வரிசையாக நின்றன. அவளும் நம்பி அனுப்பிவிட்டாள்.

பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டே அய்பேரிக்குச் செய்தி அனுப்பினாள். அங்கே எப்படித் தெரிகிறதோ அதை அப்படியே படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். படம் உடனே வந்தது.

துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்து, பக்கத்தில் செல்பேசியைச் சாய்த்து இரண்டையும் பார்த்தாள். மடிக்கணினியில் எண்கள் ஒழுங்காக இருந்தன. படத்தில் குடித்துவிட்டு வந்தவர்கள்போல் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. சில எண்கள் அடுத்த வரிக்கே விழுந்திருந்தன.

எல்லா வரிகளும் அப்படி இல்லை. அதுதான் அவள் கண்ணில் பட்டது. ஒன்று, இரண்டு, நான்கு சரி. மூன்று, ஐந்து கோணல். கோணலாக நின்ற வரிகளை மட்டும் வாய்விட்டுப் படித்தாள்.

எல்லாவற்றிலும் மூன்று எழுத்துகளில் ஏதாவது ஒன்று இருந்தது. ரஷ்ய எழுத்து வரிசையில் இல்லாத, கிர்கிஸ் மொழிக்கு மட்டும் வேண்டிய மூன்று எழுத்துகள். அந்த அலுவலகத்துப் பழைய கணினியின் எழுத்துருவில் அவை கிடையாது. வேறொரு எழுத்துருவிலிருந்து இரவல் வாங்கிப் போடுகிறது. இரவல் எழுத்து கொஞ்சம் அகலம். அகலம் கூடினால் பின்னால் இருக்கும் புள்ளிகளை எல்லாம் தள்ளும். கடைசியில் எண் விழுகிறது.

ஆய்வேடுகளின் வடிவத்தைச் சரிபார்க்கும் அதிகாரி கிளாரா ஒஸ்மோனொவ்னா போன மாதம் சொன்னது அப்போது அவள் காதில் மறுபடி ஒலித்தது. 'ரஷ்ய மொழியில எழுதியிருந்தா இந்தத் தொல்லையே இல்ல, தங்கச்சி.'

ஐசுலூவுக்குக் காதுமடல் சுட்டது. மலைப்பகுதி கால்நடை மருத்துவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் அவள் தாய்மொழியில் எழுதினாள். அலுவலகக் கணினியில் எழுத்து இல்லாததற்கு இவளுடைய மொழி குற்றவாளியாம்.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. எழுத்து அகலமானால் புள்ளிகள்தானே சுருங்க வேண்டும்? எண் ஏன் நகர்கிறது?

திரையில் தெரியாத குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினாள். நுண்ணோக்கியில் சாயம் விட்டதும் புழுமுட்டை தெரிவதுபோல எல்லாம் தெரிந்தது. தலைப்புக்கும் எண்ணுக்கும் நடுவே ஒரே ஒரு அம்புக்குறி இருக்க வேண்டும். டேப் பொத்தானைத் தட்டினால் வரும் அம்புக்குறி. ஒன்றுகூட இல்லை. அத்தனையும் கையால் அடித்த புள்ளிகள். நடுநடுவே இட்டு நிரப்பிய இடைவெளிகள்.

தட்டு எடுக்கத் தாலாய் உள்ளே வந்தான். புதுச் சட்டை, தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி.

"இந்தப் புள்ளியை எல்லாம் நீங்கதான் அடிச்சீங்களா?"

அவன் முகம் மலர்ந்தது. "ஆமா. ராத்திரி பூரா. ஒவ்வொரு வரியா எண்ணிப் பாத்து வச்சேன். நல்லா வந்துச்சுல்ல?"

"நம்ம கணினியில நல்லா வந்துச்சு. அவங்க கணினியில கலைஞ்சு போச்சு."

"அது எப்படி?"

"நீங்க எண்ணைத் தரையில நிக்க வைக்கல. புள்ளி மேல நிக்க வச்சிருக்கீங்க. முன்னாடி ஒரு எழுத்து பெருத்தா எண்ணு தள்ளிப் போயிடும். எண்ணை வலது ஓரத்துல பூட்டியிருக்கணும். புள்ளியைக் கணினியே போட்டுக்கும்."

தாலாய் தட்டுகளைக் கீழே வைத்தான். அவன் குரல் இறங்கியது. "உனக்கு உடம்பு சரியில்லைன்னுதான் செஞ்சேன்."

"தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சரி விடு. ஐசுலூ, நான் ஒண்ணு சொல்லட்டுமா? இன்னைக்கு வேணாம். அடுத்த குழு வரட்டும், அப்ப பாத்துக்கலாம். தம்பி கல்யாண நேரத்துல எதுக்கு..."

"என் ஆய்வேட்டுக்கும் உங்க தம்பி கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவளுக்கு நின்று யோசிக்க நேரம் இல்லை. பழைய பொருளடக்கத்தை முழுதாக அழித்தாள். உள்ளே இருந்த தலைப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப்போய், பெரிய தலைப்பு இது, உட்தலைப்பு இது என்று கணினிக்குப் புரியும்படி குறித்தாள். பெர்மெத் வெளியிலிருந்து கூப்பிட்டால் ஓடிப்போய் ஜாம் கிண்ணங்களை வைத்துவிட்டு வருவாள். டீக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவாருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். பிறகு பொருளடக்கத்தைக் கணினியையே புதிதாகப் போடச் சொன்னாள். வலது ஓரத்தில் ஒரு டேப் நிறுத்தம் வைத்து, எண்கள் அங்கே வலப்பக்கம் ஒட்டி நிற்கும்படியும், நடுவில் புள்ளிகள் தாமாக நிரம்பும்படியும் அமைத்தாள். நீளமான தலைப்புகள் எண்ணுக்கு முன்னாலேயே மடங்கிவிடும்படி ஓரத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்தாள்.

சோதிக்க எழுத்துருவை மாற்றிப் பார்த்தாள். குண்டு எழுத்து, மெல்லிய எழுத்து, பிள்ளைகள் பிறந்தநாள் வாழ்த்தில் போடும் கோணங்கி எழுத்து. தலைப்புகள் நீண்டன, சுருங்கின. எண்கள் அசையவில்லை.

இவ்வளவுதான் வேலை. யாராவது ஒருவர் அன்றைக்கே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதற்குத்தான் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள்.

வாசலில் கார்கள் வந்து நின்றன. ஐசுலூ எண்ணெய் படிந்த ஏப்ரனை அவிழ்த்துவிட்டு, தலைத்துணியைச் சரி செய்துகொண்டு வெளியே வந்தாள். பெரிஸாத்தின் அப்பா, அம்மா, சித்தப்பா. கடைசியாக, கம்பளிச் சால்வை போர்த்திய ஒரு பருமனான பெண்மணி காரிலிருந்து நிதானமாக இறங்கினாள்.

கிளாரா ஒஸ்மோனொவ்னா.

"பெரிஸாத்தோட பெரியம்மா" என்று எல்தோஸ் பெருமையாக அறிமுகம் செய்தான். "பல்கலைக்கழகத்துல பெரிய பதவி. அவங்க கையெழுத்து இல்லாம ஒரு ஆய்வேடும் உள்ள போகாது அண்ணி."

கிளாராவின் புருவம் ஒரு கணம் உயர்ந்து இறங்கியது. "அட, தங்கச்சி நம்ம வீட்டுப் பொண்ணா?" என்று சிரித்துக் கன்னத்தில் முத்தமிட்டாள்.

ஐசுலூ திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் செருப்புகளை வரிசைப்படுத்துவதில் மும்முரமாக இருந்தான். விருந்தாளிகள் உள்ளே போனதும் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்களுக்குத் தெரியும்."

"போன வாரம்தான் தெரிஞ்சுது."

"ஒரு வாரமா தெரிஞ்சு வச்சுக்கிட்டு, விட்டுடு விட்டுடுன்னு சொன்னீங்க."

"அவங்களைப் பகைச்சுக்கிட்டா தம்பி கல்யாணம்..."

"நான் யாரையும் பகைச்சுக்கல. நாயோட பீயைப் பொறுக்கி ஆராய்ச்சி பண்ணேன். எழுதினேன். கொடுத்தேன். இதுல பகை எங்க இருந்து வந்துச்சு?"

உள்ளேயிருந்து பெர்மெத் கூப்பிட்டாள். ஐசுலூ உள்ளே போனாள்.

நீண்ட விரிப்பின் மேல் ரொட்டி, போர்சோக், உலர் பழங்கள், வெண்ணெய், ஆறு வகை ஜாம். மெத்தை விரிப்புகளில் விருந்தாளிகள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கிளாராவுக்கு வாசலுக்கு எதிரே, மூத்த விருந்தாளிக்கு உரிய மேலிடம். ஐசுலூ சமோவார் பக்கத்தில் மண்டியிட்டு, கிண்ணத்தில் பாதி அளவு டீயை ஊற்றி ஒவ்வொருவருக்காக நீட்டினாள். கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தால் சீக்கிரம் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். இன்று அவளுக்குக் கை துறுதுறுத்தது.

பேச்சு வானிலையில் ஆரம்பித்து ஆட்டு விலைக்குப் போய், கல்யாண மண்டபத்துக்கு வந்தது. நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கிளாரா இரண்டாவது கிண்ணத்தை வாங்கும்போது எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"உங்க மருமக டீயை எவ்வளவு நேர்த்தியா ஊத்தறா பாருங்க சம்பந்தியம்மா. ஒரு சொட்டு சிந்தல. எண்ணை மட்டும்தான் நேரா நிறுத்தத் தெரியல."

பெண்ணின் சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார். மற்றவர்களும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். தாலாயும் சிரித்தான். அதுதான் தாங்கவில்லை.

ஐசுலூ டீப்பானையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நிறுத்திட்டேன். பாக்கறீங்களா?"

"இப்பவா? விருந்துல எதுக்கும்மா அது."

"நீங்கதானே விருந்துல ஆரம்பிச்சீங்க."

மடிக்கணினியைக் கொண்டுவந்து ஜாம் கிண்ணங்களைத் தள்ளி வைத்தாள். "இதோ பாருங்க. எந்த எழுத்துருவை வேணும்னாலும் மாத்துங்க. எண்ணு நகராது. உங்க கணினியில நம்ம எழுத்து மூணு இல்ல. அதனாலதான் கோணிச்சு. அது என் தப்பும் இல்ல, மொழியோட தப்பும் இல்ல. நானும் ஒரு தப்புப் பண்ணியிருந்தேன். புள்ளியைக் கையால அடிச்ச பக்கத்தைப் பாக்காம அனுப்பிட்டேன். அதை ஒத்துக்கறேன். ஆனா எப்படிச் சரி பண்றதுன்னு கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"மூணாவது மாடிக்குப் போ, அங்க ஒருத்தர் காசு வாங்கிட்டு இதையெல்லாம் செஞ்சு கொடுப்பார், அவர் செஞ்சா நான் திருப்பமாட்டேன்னு சொன்னீங்க."

பெரிஸாத்தின் அம்மா தன் அக்காவைப் பார்த்தாள். கிளாரா ஒரு போர்சோக்கை எடுத்து ஜாமில் தோய்த்தாள்.

"விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு தங்கச்சி. பக்கம் பாக்கறதுக்கு லட்சணமா இருக்கணும். இன்னைக்கு எனக்கு விடுப்பு. முத்திரை அலுவலகத்துல இருக்கு. அடுத்த குழு வரும்போது பாத்துக்கலாம். பொறுமையும் பொம்பளைக்கு ஒரு அழகுதான். இல்லையா சம்பந்தியம்மா?"

எல்லாரும் பெர்மெத்தைப் பார்த்தார்கள். ஐசுலூ பார்க்கவில்லை. அங்கேயிருந்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

பெர்மெத் மடியில் சிந்தியிருந்த ரொட்டித் துகளைப் பொறுக்கி எடுத்தாள்.

"இவகிட்ட பொறுமை இல்லைதான்" என்றாள். "வாய் ஜாஸ்தி. மாவு பிசைஞ்சா உப்பு போட மறந்துடுவா. நான் தினமும் திட்டறேன். ஆனா நான் திட்டறேன் சம்பந்தியம்மா. என் வீட்டு விரிப்புல உக்காந்து இன்னொருத்தர் திட்டறதுக்காக இவளை நான் மருமகளாக் கொண்டுவரல."

"ஐயோ, நான் விளையாட்டுக்கு..."

"விளையாட்டுன்னே வச்சுக்குவோம். கறி வேக இன்னும் நேரம் இருக்கு. என் பெரிய பையன் காரை எடுப்பான். நீங்க ரெண்டு பேரும் போயி அந்தக் கணினியில ஒரு தடவை பாத்துட்டு வந்துடுங்க. நேரா இருந்தா முத்திரை போடுங்க. கோணலா இருந்தா இவ வாயைத் திறக்கமாட்டா, நான் பொறுப்பு. நீங்க திரும்பி வர்றவரைக்கும் இந்த வீட்டுல கறியை அறுக்கமாட்டோம்."

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். "நாங்க விருந்துக்கு வந்தோமா, அலுவலகத்துக்கு வந்தோமா?"

"விருந்துக்குத்தான் சம்பந்தி. இன்னொரு கிண்ணம் டீ குடிங்க" என்று பெர்மெத் தானே டீப்பானையை எடுத்தாள்.

அந்த நிலையில் கிளாராவால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் மூன்றாவது மாடியைப் பற்றித் தங்கை வீட்டார் கேட்பார்கள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

காரில் கிளாரா முன்னால் உட்கார்ந்தாள். ஐசுலூ பின்னால், மடிக்கணினியைக் கட்டிக்கொண்டு. தாலாய் கண்ணாடியில் மனைவியின் முகத்தைப் பார்க்க முயன்று, முடியாமல் சாலையைப் பார்த்தான். சந்தைத் திருப்பத்தில் மினிபஸ்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன.

"நான் படிக்கிற காலத்துல எனக்கும் இப்படித்தான்" என்றாள் கிளாரா திடீரென்று. "தட்டச்சுல அடிச்சது. ஒரு கமா தப்புன்னு மொத்தப் பக்கத்தையும் திரும்ப அடிக்கச் சொன்னாங்க. அழுதேன். அடிச்சேன். யாரையும் எதிர்த்துப் பேசல."

"அதனால?" என்றாள் ஐசுலூ.

கிளாரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அலுவலகத்தில் அய்பேரி மட்டும் இருந்தாள். இவர்கள் இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டாள். பழைய கணினி உறுமிக்கொண்டு கண் திறந்தது. கோப்பு திறந்தது. அந்த மூன்று எழுத்துகளும் வழக்கம்போல அகலமாகப் பிதுங்கித் தெரிந்தன. எண்கள் வலது ஓரத்தில் சுவரில் சாய்ந்ததுபோல் நின்றன. ஒன்றுகூட விலகவில்லை.

கிளாரா அச்செடுத்தாள். மேஜை இழுப்பறையிலிருந்து பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்து எண்களின் ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். அளவுகோலைத் திருப்பி வைத்தும் பார்த்தாள். மேல் ஓரத்தை அளந்தாள். வரி இடைவெளியை அளந்தாள். சுவர்க் கடிகாரம் மூன்றரையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"அக்கா" என்றாள் ஐசுலூ. "இதுல ஒரு பக்கமாவது படிச்சீங்களா?"

"படிக்கறது என் வேலை இல்ல."

"சரி. இப்ப அளவுகோல் வச்சிருக்கீங்கல்ல, அந்த வரியையாவது படிங்க. மூணாவது அத்தியாயம்."

கிளாராவின் கண் அனிச்சையாக அந்த வரிக்குப் போனது. 'ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஈரல் கட்டிகள்: மேய்ச்சல் கிராமங்களில் கண்டவை.'

"அதுல ஒரு பொண்ணுக்கு ரெண்டு தடவை வயித்தைக் கிழிச்சாங்க. அவ வீட்டு நாய்க்கு மாத்திரை கொடுத்திருந்தா அவளுக்கு வந்திருக்காது. அந்த நாய்க்கு மாத்திரை கொடுக்கச் சொல்றதுக்குத்தான் இந்தப் பட்டம் எனக்கு வேணும். நீங்க அதைப் புள்ளிக்காக மூணு தடவை நிறுத்தி வச்சீங்க. எனக்கு உங்க மேல கோபம் இருக்கு. இனிமேலும் இருக்கும். நீங்க எங்களுக்குச் சம்பந்தியா வந்தாலும் இருக்கும்."

அய்பேரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாலாய் கதவருகே தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான்.

கிளாரா அளவுகோலை எடுத்து இழுப்பறையில் போட்டாள். முத்திரையை மையில் அழுத்தி, காகிதத்தில் பதித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

அப்போது அவள் செல்பேசி அடித்தது. பேசியது தங்கை போலிருக்கிறது. "சரி... சரி... நான் இங்கேர்ந்தே வந்துடறேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு தாலாயிடம், "நீங்க போங்க. நான் டாக்ஸி பிடிச்சுக்கறேன்" என்றாள். எங்கே போகிறாள் என்று சொல்லவில்லை.

குழுச் செயலரின் அறைக்கு ஐசுலூ படியேறி ஓடினாள். செயலர் கோப்பை வாங்கிப் பதிவு செய்துகொண்டு, "கடைசி ஆள் நீங்கதான்" என்றார். ஐசுலூ படியிறங்கிக் காருக்கு வந்தாள்.

திரும்பும் வழியில் தாலாய் சொன்னான். "நான் சிரிச்சிருக்கக் கூடாது."

"ஆமா" என்றாள்.

வீட்டு வாசலில் கார்கள் இல்லை. செருப்புகளும் இல்லை. எல்தோஸ் மட்டும் கதவருகே நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

"போயிட்டாங்க. எங்க அக்காவை மேலிடத்துலேர்ந்து எழுப்பி அனுப்பிட்டீங்க, இந்த வீட்டுல பொண்ணைக் கொடுத்தா எங்க பொண்ணை எங்க உக்கார வைப்பீங்கன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. உங்க எண்ணு நேரா நின்னுடுச்சா அண்ணி? ரொம்ப சந்தோஷம். என் கல்யாணம் கோணிப்போச்சு."

"எல்தோஸ், நான் சொல்றதை..."

"கேக்க வேணாம். அவங்க வீட்டுக்குப் போறேன். உங்க எல்லாருக்காகவும் நான் போய்க் கால்ல விழறேன்." அண்ணன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு காரை எடுத்தான். சக்கரம் தெருமண்ணைச் சீறி அடித்தது.

உள்ளே நீண்ட விரிப்பு கலையாமல் இருந்தது. பாதி குடித்த கிண்ணங்கள் அப்படியே கிடந்தன. பெர்மெத் தனியாக அதன் கோடியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பெரிய தட்டில் வெந்த கறி. ஒரு துண்டும் அறுக்கப்படவில்லை.

ஐசுலூ அவள் எதிரே போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். திட்டு வரும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"முத்திரை விழுந்துச்சா?"

"விழுந்துச்சு அத்தை."

"சேத்தாச்சா?"

"சேத்தாச்சு."

பெர்மெத் கத்தியை எடுத்தாள். மூத்த பெண் விருந்தாளிக்கென்று வைக்கும் வால்பகுதிக் கறியை எலும்போடு பிரித்து, மருமகளின் கிண்ணத்தில் வைத்தாள்.

"காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல. சாப்பிடு."

ஐசுலூவுக்கு அழுகை வந்தது. கோபம் குறைந்து வந்த அழுகை இல்லை. கோபத்தோடேயே வந்தது. அவள் கறியைப் பிய்த்து வாயில் வைத்தாள். தாலாய் சற்றுத் தள்ளி, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.

வாசற்கதவு கிறீச்சிட்டது. நாய் குரைத்தது, பிறகு அடங்கியது. யாரோ நிலைப்படியில் காலணியைக் கழற்றும் சத்தம்.

பெரிஸாத். தனியாக வந்திருந்தாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

பெர்மெத் எழுந்துவிட்டாள். "நீ எப்படிம்மா இங்க? எல்தோஸ் உங்க வீட்டுக்குத்தானே போயிருக்கான். உன்னைப் பாக்கத்தான் போனான். தெரியாதா?"

"தெரியும் அத்தை" என்றாள் பெரிஸாத். "தெருமுனையில அவர் காரைப் பாத்தேன். கையைக் காட்டினேன். அவரும் என்னைப் பாத்தாரு."

அவள் ஐசுலூவைப் பார்த்தாள், பிறகு தாலாயை, பிறகு யாரையும் பார்க்கவில்லை.

"பாத்துட்டும் நிறுத்தல."